முதல் வரியில் சொல்ல வேண்டிய குறை

ஏலே சூசை,

எப்போதும் கடிதத்தின் தலையில் சேசு, மரி, சூசை என்று மூன்று பேரையும் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு எழுதவில்லை. இதில் நான் பேசப்போகிற பேச்சுக்கு அவர்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ கொழும்பிலிருந்து போட்ட கடிதம் திங்கட்கிழமை வந்தது. அடுப்பில் கொதித்த குழம்பை இறக்கிவைத்துவிட்டு, கையைக்கூடச் சரியாய்த் துடைக்காமல் பிரித்தேன். கொட்டாஞ்சேனைப் பெரியவரின் பேத்தி ரோசலினை உனக்குப் பேசி முடித்திருக்கிறது, கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க உன் ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும், மூன்று ஞாயிறு ஓலை வாசித்ததும் கல்யாணம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அங்கே நாலு வரி எழுதி வைத்திருக்கிறாய். "அம்மா, ரோசலின் தாத்தாவுக்கு இனிமே நீங்க கடுதாசி எழுத வேண்டாம். பழைய கடுதாசி எல்லாம் நான் எழுதினதுன்னுதான் அவர் நெனச்சிட்டிருக்கார். ரோசலினும் அப்படித்தான். இப்போ உண்மையைச் சொன்னா எல்லாம் கெட்டுப்போகும். சிகரெட் அட்டை விஷயம்தானே, விடுங்க." ஏலே, இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

எனக்கு மூன்று நாளாய் ஒரு வாய் சோறு ருசிக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், மகன் கல்யாணச் சேதி வந்த வீட்டில் ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று. என்ன சொல்ல? என் மகன் என்னையே களவெடுத்துக்கொண்டு போய் அக்கரையில் மாப்பிள்ளை ஆகப்போகிறான் என்றா சொல்ல? சிகரெட் அட்டையாம், விட்டுவிட வேண்டுமாம். பத்து வருஷம் அந்த அட்டையோடு போய் வந்தது என்ன என்று உனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது கேள். கல்யாணத்துக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது வேறு எதுவும் இல்லை.

ஆரம்பித்தது நீதான். அதை நான் மறுக்கவில்லை. உன் அப்பா தோணியை ஓட்டுகிற தண்டலாக இருந்தார். கப்பல் எல்லாம் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், இவர்தான் சரக்கை ஏற்றி இறக்கத் தோணியைக் கொண்டுபோவார். அப்படிப் போகும்போது கப்பல்காரர்கள் வீசி எறிந்த சிகரெட் பெட்டிக்குள் இருந்து கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டைகளை உனக்காகப் பொறுக்கிக்கொண்டு வருவார். முன்பக்கம் வர்ணப் படம், பின்பக்கம் அந்த ஆளைப் பற்றி நாலு வரி, ஐம்பது சேர்ந்தால் ஒரு வரிசை. உனக்குப் பன்னிரண்டு வயதில் கொழும்புப் பத்திரிகை ஒன்றில், பிள்ளைகள் பக்கத்தில், அட்டை மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று உன் பெயரையும் விலாசத்தையும் போட வைத்தாய். அதைப் பார்த்துத்தான் பெரியவர் எழுதினார். மாற்றுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, புதிதாய் வந்தவன்தான் முதலில் அனுப்ப வேண்டும், பழையவர் அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை அனுப்புவார். ஆனால் உன் வயதைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு தடவை நானே முதலில் அனுப்புகிறேன் என்று அவர் இரண்டு அட்டை வைத்து அனுப்பினார். நீ என்ன செய்தாய்? இரண்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்து விளையாடப் போனாய். மாதம் ஒன்று ஆயிற்று, பதில் போடவில்லை. "எழுதுலே, எழுதுலே" என்று நான் கரடியாய்க் கத்தினேன். "நாளைக்கு எழுதுதேன்மா" என்றாய். அந்த நாளை இன்னும் வரவில்லை.

நம்பி அனுப்பின மனுஷரை ஏமாற்றிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாய் இருந்தது. மடத்துக் கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்த இங்கிலீஷ் இருந்தது. உட்கார்ந்து உன் பெயரில் எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இரண்டுக்கு இரண்டு அட்டை வைத்து, கீழே உன் பெயரைப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்கே, "மகன் எழுதவில்லை, தாய் எழுதுகிறேன்" என்று போட்டிருக்கலாம். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைக்குத் தண்டல் பெண்சாதி கடிதம் போடுகிறாள் என்று ஊர் பேசும் என்று பயந்தேன். ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தேன். அவர் பதில் போட்டார். நான் பதிலுக்குப் பதில் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

நிறுத்தப் பிரியமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கிரிக்கெட் ஆட்டம்கூடப் பார்த்தது கிடையாது. ஆனால் எவன் இடது கையால் எறிவான், எவன் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பான் என்று என்னிடம் கேட்டால் சொல்வேன். அட்டைகளைப் பிஸ்கோத்து டப்பாவில் வைத்திருந்தேன். அட்டையின் பின்பக்கம் பசை தடவித்தான் வரும், நம் ஊர் உப்புக் காற்றில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காக ஒவ்வொன்றுக்கும் முகப்பவுடர் தூவித் துடைத்து வைப்பேன். நான் முகத்துக்குப் போட்டதைவிட அதற்குப் போட்டதுதான் அதிகம். உன் அப்பா கரையேறி வந்ததும், "ஏளா, இந்தா, ஒனக்கு இன்னைக்கு ரெண்டு மாப்பிள்ளைமாரு வந்திருக்கானுவ" என்று மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். மீன் வாங்கப் போனால், "சிகரெட்டம்மா வாரா பாரு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

ஒரு தடவை நான் கள்ளத்தனம் பண்ணினேன். அதையும் கேள். ஒரு அட்டையின் பின்பக்கம் கிழிந்திருந்தது. சோற்றுப் பசையால் தாள் ஒட்டி, வெயிலில் காயவைத்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அவர் அதைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு நல்ல அட்டையையும் வைத்து, ஒரு வரி எழுதியிருந்தார். "தம்பி, நம் வழக்கத்தில் அட்டையில் குறை இருந்தால் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் அனுப்பு, நான் வாங்கிக்கொள்கிறேன்." அதைப் படித்ததும் எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. அதற்குப் பிறகு மூலை மடங்கியிருந்தாலும் சரி, வர்ணம் மங்கியிருந்தாலும் சரி, முதல் வரியில் எழுதாமல் நான் ஒரு அட்டையும் அனுப்பியதில்லை. ஆனால் எழுதுகிற ஆளிடம் இருந்த குறையை மட்டும் சொல்லவே இல்லை.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. சிகரெட் கம்பெனிக்காரர்கள் காகிதப் பஞ்சத்தில் அட்டை போடுவதை நிறுத்திவிட்டார்கள். இருப்பதைத்தான் மாற்ற வேண்டும். எந்தெந்த அட்டை வேண்டும் என்று எண்ணைத்தான் வரிசையாய் எழுதுவோம், பதினேழு, இருபத்துமூன்று, நாற்பத்தொன்று என்று. துறைமுக ஊரிலிருந்து கொழும்புக்கு வெறும் எண்ணாய் எழுதிக் கடிதம் போனால், உளவுச் சங்கேதம் என்று நினைக்காமல் சென்சார்காரன் விடுவானா? கத்தரியை வைத்து அந்த இடத்தை வெட்டிவிட்டான். அவருக்குப் போய்ச் சேர்ந்தது சன்னல் வைத்த காகிதம். இரண்டாம் தடவையும் வெட்டினான். எண்ணே வேண்டாம் என்று, வார்த்தையிலேயே எழுத ஆரம்பித்தோம். "தொப்பியை இடப்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறவர் வேண்டும்", "சிரிக்காமல் முறைக்கிறவர் என்னிடம் இரண்டு இருக்கிறார்" என்று. அப்படி எழுதத் தொடங்கியதும் கடிதம் நீண்டுகொண்டே போயிற்று. முறைக்கிறவரைப் பார்த்தால் என் தகப்பனார் ஞாபகம் வருகிறது என்று அவர் எழுதுவார். நான் இங்கே விளாத்திகுளம் பக்கம் மழை பொய்த்துச் சனங்கள் வேலை தேடி வந்திருப்பதை எழுதுவேன். முத்துக்குளிப்பைப் பற்றிக் கேட்டார். கல்யாணமான புதிதில் நான் பார்த்த முத்துக்குளிக்கிற சலாபத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்க்க, ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த நாற்றத்தையும், அதற்குள் கையைவிட்டு அலசித்தான் முத்து எடுப்பார்கள் என்பதையும் எழுதினேன். நீ அங்கே போய், தோணியிலேயே கத்தியால் பிளந்து எடுப்பார்கள் என்று அவரிடம் அளந்தாயாமே. அதை உன் கடிதத்தில் பெருமையாக வேறு எழுதுகிறாய். அவர் சிரித்தாராம். பழைய கடிதம் அவருக்கு மறந்துபோயிருக்கும் என்றா நினைக்கிறாய்?

இப்போது நான் சொல்லப்போவதைப் பொறுமையாய்ப் படி. முதல் இரண்டு வருஷம் நான் சிறுபிள்ளை எழுதுவது போலவே எழுதினேன். பிறகு உனக்கு வயது ஏற ஏற, கடிதத்திலும் ஏற்றினேன். காகிதத்தில் ஒரு மகனை வளர்த்தேன், சூசை. அவன் வாங்கிய அட்டைக்கு மறுநாளே பதில் போடுவான். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தைக் கேட்டால் நின்று விசாரிப்பான். தப்புப் பண்ணினால் ஒத்துக்கொள்வான். நீ வீட்டில் "நாளைக்கு, நாளைக்கு" என்று திரிந்த நாளில் எல்லாம் நான் அவனோடு ஆறுதல் பட்டுக்கொண்டேன். உன்னைத் திருத்த வேண்டிய நேரத்தில் அவனை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு நீ என்னைக் கோபித்தால் நியாயம், நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்தப் பெண் கட்டிக்கொள்ளப் போவது அவனைத்தான். உன்னை இல்லை.

உன் அப்பா இறந்தபோது நான் எழுதிய கடிதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன். தோணி திரும்பி வந்தது, அவர் காய்ச்சலோடு அதில் படுத்து வந்தார், ஆறாம் நாள் போய்விட்டார். உனக்கு அப்போது பதினாறு வயது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே நீ விளையாடப் போனாய். சின்னப் பையன்தானே என்று அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கும் அதற்காகத் திட்டவில்லை. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. பெரியவருக்குத்தான் எழுதினேன். என் புருஷன் செத்ததை "என் தகப்பனார்" என்று எழுதினேன். அவர் உப்பு ஒட்டின கையோடு அட்டையை ஓரத்தில் மட்டும் பிடித்துக் கொடுப்பதை எழுதினேன். என் பிள்ளைக்கு அப்பா, எனக்கு அவர் யார் என்று எழுதவே முடியவில்லை. பதிலுக்கு அவர், "அன்புள்ள பிள்ளாய், உன் தாயாரைப் பார்த்துக்கொள்" என்று எழுதினார். அதைப் படித்து நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. அந்த வருஷமே அவர் மனைவியும் போனார்கள். நானும் தாலி அறுத்தவள்தான், எனக்குத் தெரியும் அந்த வலி என்று ஒரு வரி எழுதத் துடித்தேன். எழுத முடியவில்லை. உன் பெயர் குறுக்கே நின்றது.

அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் நீ என்ன எழுதியிருக்கிறாய்? "அப்பா செத்தப்போ நீங்க எழுதின கடுதாசியைப் படிச்சப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சிருச்சுன்னு ரோசலின் சொன்னா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்." குனிந்துகொண்டாயா! அடப்பாவி, அந்த இடத்திலாவது நிமிர்ந்து, அதை எழுதினது என் அம்மா என்று சொல்லியிருக்கக் கூடாதா? என் துக்கத்தைக் காட்டிப் பெண் கேட்டிருக்கிறாயே. பெரியவருக்குக் கண் மங்கியதிலிருந்து கடிதத்தை எல்லாம் அந்தப் பிள்ளைதான் படித்துக் காட்டியிருக்கிறது. வரிவரியாய் என் கையெழுத்து அதற்குத் தெரியும். அதற்காக வலது மணிக்கட்டில் சுளுக்கு என்று நீ துணி கட்டிக்கொண்டு போகிறாயாம். இதை வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். ஆபீசில் நாள் முழுக்க எழுதுகிற கை அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் சுளுக்கிக்கொள்ளுமோ? கல்யாணத்தன்று கோவில் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொல்வாரே சாமியார், அப்போதும் துணி கட்டிக்கொண்டு போவாயா? ஆயுசு முழுக்கவும் கட்டிக்கொண்டே இருப்பாயா?

நான் உன்னை அங்கே வெறுங்கையோடு அனுப்பவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் நீ கப்பலேறும்போது, அவர் வரிசையில் இல்லாத அந்த ஒற்றை அட்டையை, விக்கெட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறவரை, உன் கையில் கொடுத்தேன். ஏழு வருஷமாய் அவர் தேடினது அது. சண்டை முடிந்து வந்த ஒரு கப்பல்காரரிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன். தபாலில் போடாமல் உன்னிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. "ரெண்டு குறை இருக்கு. வாசல்ல கால் வச்சதும் ரெண்டையும் சொல்லிரணும். ஒண்ணு, அட்டையில மேல் மூலை மடங்கியிருக்கு. ரெண்டாவது, இத்தனை நாளும் எழுதினது நான் இல்ல, எங்கம்மான்னு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றாய். மூலை மடங்கினதைச் சொன்னாயாம். மற்றதைச் சொல்வதற்குள் அவர் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாராம். முதல் நாள் வாய் வரவில்லை, சரி. மனுஷர் அழும்போது யாருக்கும் வாய் வராது. மறுநாள்? அவர் உனக்காக ஆபீசில் பேசி வேலை வாங்கிக் கொடுத்தாரே, அன்றைக்கு? அவர் ஆல்பத்தை எடுத்து, இனிமேல் இது உன்னுடையது என்று மடியில் வைத்தாரே, அன்றைக்கு?

இங்கே நான் எட்டு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ சொல்லியிருப்பாய், பெரியவர் கோபப்பட்டாலும் என் சொந்தப் பெயருக்கு ஒரு கடிதம் போடுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பொய் எழுதினவளோடு பேச அவருக்கு இஷ்டமில்லை போல என்று நானே என்னை நொந்துகொண்டேன். உனக்கு எழுதிக் கேட்டபோதெல்லாம், "அவருக்குக் கண் சரியில்லம்மா" என்று போட்டாய். இந்த ஊரில் எனக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? மனசுவிட்டுப் பேச அந்த ஒரு மனுஷர்தான் இருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார், என் முகம் தெரியாமல் இருந்தார், ஆனாலும் இருந்தார். அவரையும் எடுத்துக்கொண்டு, இனிமேல் எழுதாதே என்று எனக்கே உத்தரவு போடுகிறாய். பெற்ற பிள்ளை என்று பார்க்கிறேன். வேறு எவனாவது இப்படி எழுதியிருந்தால் அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்.

உன் கல்யாணத்தைக் கெடுக்க எனக்கு ஆசை என்று நினைத்துவிடாதே. அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? என் எழுத்தை இத்தனை வருஷம் வாய்விட்டுப் படித்தவள் அவள். ஆனால் அவள் தெரிந்துகொண்டு வரட்டும். பதில் போடச் சோம்பல்படுகிறவன், கேட்டால் நாளைக்கு என்கிறவன், ஆனால் கெட்டவன் இல்லை, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஏரல் வரை நடந்தே போய் வைத்தியரைக் கூட்டிவந்தவன், அவன்தான் மாப்பிள்ளை என்று தெரிந்து சம்மதிக்கட்டும். மாட்டேன் என்றால் அது அவள் உரிமை. குறையைச் சொல்லாமல் ஒரு சிகரெட் அட்டையைக்கூட நான் அந்த வீட்டுக்கு அனுப்புவதில்லை. மகனை அனுப்புவேனா?

அதனால் நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். முதல் வரியிலேயே குறையைச் சொல்லிவிட்டேன். பத்து வருஷமாய் உங்களுக்கு எழுதியது சூசை இல்லை, அவன் தாய் என்று. கீழே என் சொந்தப் பெயரைப் போட்டேன். பெரியவருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, அதில் ஒரு எழுத்து கோணலாகிவிட்டது. மாற்றி எழுதவில்லை, அப்படியே இருக்கட்டும். உனக்கு எழுதும் இது இன்றைக்குத் தபாலில் போகிறது. அவருக்கு எழுதியது சரியாக ஒரு வாரம் கழித்துப் போகும். பங்குச் சாமியாரிடம் போய் உன் ஞானஸ்நானப் பத்திரத்தை முத்திரை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதை இந்த உறைக்குள் தேடாதே, இருக்காது. அவர் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்து ஒட்டிவிட்டேன். உனக்கு அது வேண்டுமானால் கையில் கட்டிய துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அவர் முன்னால் போய் நின்று, அவர் கையால் வாங்கிக்கொள்.

ஒரு வாரம் இருக்கிறது. என் கடிதம் அங்கே போவதற்கு முன்னால் உன் வாய் போக வேண்டும். வழக்கம் உனக்குத் தெரியும், சூசை. புதிதாய் வந்தவன்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

உன் அம்மா